மன்னார்புரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு

மன்னார்புரம், திருச்சிக்காரர்களுக்கு ஒரு ரவுண்டானா. வெளியூர்க்காரர்களுக்கு, "மதுரைக்கு எந்தப் பக்கம் சார் போகணும்?" என்று வண்டியை ஸ்லோ பண்ணிக் கேட்கிற இடம். தெற்கே போனால் எடமலைப்பட்டிபுதூர், பஞ்சப்பூர், அப்புறம் மதுரை. கிழக்கே டி.வி.எஸ். டோல்கேட். (டோலும் கிடையாது, கேட்டும் கிடையாது. பேர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.) மேற்கே ஜங்ஷன், மத்திய பஸ் நிலையம். அந்தப் பக்கத்துப் பாலம் ராணுவ நிலம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் பாதியில் நின்று, 2023-ல்தான் ஒருவழியாக மன்னார்புரத்தில் வந்து இறங்கியது.

இந்த ஏரியாவில் குடியிருந்துகொண்டு, கையில் ஒரு செகண்ட்ஹேண்ட் காரையும் வைத்துக்கொண்டு, "நானே ரிப்பேர் பார்த்துக்கிறேன்" என்று கிளம்புகிறவன் படும் பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்சி மலைக்கோட்டை ஊர் என்பார்கள், காவிரி ஊர் என்பார்கள். என்னைக் கேட்டால் இது ஃபிட்டர்களின் ஊர். பக்கத்திலேயே பொன்மலை. 1928-லிருந்து அங்கே ரயில்வே பட்டறை இருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புத்தம் புதுசாகச் செய்து அனுப்பிய பட்டறை. அதுவும் 2010-க்கு அப்புறம்! அந்தண்டை துப்பாக்கித் தொழிற்சாலை, திருவெறும்பூரில் பெல். தெருவுக்கு ரெண்டு ஃபிட்டர், ஒரு டர்னர். வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றப் பிளம்பரைக் கூப்பிட்டால், ரிட்டையர் ஆன அப்பா ரெண்டு நாள் நம்மோடு பேசமாட்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் ஸ்பேனர் செட் என்பது குத்துவிளக்கு மாதிரி. பத்து-பதினொண்ணு, பன்னிரண்டு-பதிமூணு, பதினாலு-பதினஞ்சு எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி பீரோவுக்கு அடியில் இருக்கும். அம்பாஸடர் காலத்தில் அது போதும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் போதும். 796 சி.சி., மூணு சிலிண்டர், பானட்டைத் திறந்தால் கீழே தரை தெரியும். கிளம்பவில்லையா? பாயிண்ட்டை உப்புத்தாளால் ரெண்டு தேய். பிளக்கைக் கழற்றித் துடை. கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊது. கிளம்பிடும். கிளம்பாவிட்டால், தள்ளுவதற்குத் தெருவில் நாலு பேர்!

இப்போது? பானட்டைத் திறந்தால் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே இன்னொன்று. போல்ட்டின் தலையில் நட்சத்திரம். நம் ஸ்பேனர் அதைப் பார்த்து முழிக்கிறது. என் காரில் ஹெட்லைட் பல்ப் மாற்ற வேண்டுமென்றால் பம்பரைக் கழற்ற வேண்டும். காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தால், பல்ப் மாற்றும் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'டீலரை அணுகவும்'. இதை அச்சடிக்க முந்நூறு பக்கப் புத்தகம் எதற்கு சார்?

நியாயத்தையும் சொல்லிவிடணும். இந்தச் சிக்கல் எல்லாம் வீம்புக்கு வந்ததில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 புகை விதி. புகையை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டுமென்றால், சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை அளந்து விட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குத் தகவல் சொல்ல ஏகப்பட்ட சென்ஸர்கள் வேண்டும். மார்கழிக் குளிரில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுகிற வேலை இப்போது இல்லை. ஒரு தட்டு, கிளம்பியாச்சு. அதற்கு விலை, அந்த மஞ்சள் விளக்கு.

எஞ்சின் படம் போட்ட அந்த விளக்கு ஒருநாள் என் டாஷ்போர்டில் எரிந்தது. ஓரமாய் நிறுத்தினால் வண்டி லேசாக உதறியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் (பேர் வேண்டாம்) காட்டினேன். டை கட்டிய தம்பி லாப்டாப்பைப் பார்த்துவிட்டு, "சென்ஸர் மாத்தணும் சார். ஏழாயிரத்துச் சொச்சம் ஆகும்" என்றார். "எந்த சென்ஸர்? ஏன் போச்சு?" என்று கேட்டேன். "சிஸ்டம் சொல்லுது சார்" என்றார். சிஸ்டம் சொன்னால் அப்பீல் கிடையாதாம்.

நான் விடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். அதில் செருகுகிற ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகினேன். செல்போனில் வந்து நின்றது: பி-0171. அதாவது, பெட்ரோலுக்குக் காற்று அதிகம். சரி, காற்று எங்கிருந்து அதிகம்? அதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறது!

மன்னார்புரத்துச் சந்து ஒன்றில் பாய் பட்டறை. தகரக் கூரை, வேப்பமரம், எஃப்.எம். ரேடியோ. கோடு நம்பரைச் சொன்னேன். "அது கெடக்கட்டும் தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ரேடியோவை நிறுத்தினார். தலையை பானட்டுக்குள் விட்டுக் காது கொடுத்தார். ஒரு ரப்பர் குழாயின் முனையை விரலால் அழுத்தினார். உதறல் நின்றது!

"பாருங்க, வெடிச்சிருக்கு. இந்த வழியா காத்து இழுக்குது. மிஷின் அழுறது கரெக்ட்டுதான் தம்பி. எங்க வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும்."

அரை ஜாண் குழாய். மாற்றி, கோடை அழித்ததும் விளக்கு அணைந்தது. செலவு, குழாய் விலையும் ரெண்டு டீயும் ரெண்டு மெதுவடையும்.

இதோடு முடிந்திருந்தால் இது சந்தோஷமான கட்டுரை. மறுவாரம் போனபோது பாய் முகம் வாடியிருந்தார். பட்டறையில் ஒரு டீசல் கார். புது இன்ஜெக்டர் மாட்டிவிட்டார், வேலை சுத்தம். ஆனால், அந்த இன்ஜெக்டரின் நம்பரைக் கார் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பாய் கடன் வாங்கி வாங்கிய மிஷின், 'இந்த மாடலுக்கு அனுமதி இல்லை' என்றது. கடைசியில் டோ வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனது. பாயிடம் வேலை கற்ற பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அங்கேயே சேந்துடறேன் பாய். அங்கதான் லாப்டாப் இருக்கு" என்றான். பாய் பதில் சொல்லவில்லை. ரேடியோவைப் போட்டார்.

கார் கஷ்டமாகிவிட்டது என்பது பாதி நிஜம்தான். கஷ்டத்தைக் கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. கதவுதான் பூட்டியிருக்கிறது. இது என் புலம்பல் மட்டுமில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்டும் பரிசோதனைக் கருவியும் கிடைக்காமல் செய்கிறார்கள் என்பது விவகாரம். 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? அப்பீல், கோர்ட்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்கள் 2012-ல் இதற்காக ஓட்டுப் போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசும் 2022-ல் 'ரிப்பேர் உரிமை'க்கு ஒரு கமிட்டி போட்டு, இணையதளமும் திறந்தது. பாய் பட்டறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்யலாம். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர், வைப்பர், டயர் காற்று, பாட்டரி டெர்மினல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலன்ட் மூடியை எஞ்சின் சூட்டில் திறக்காதீர்கள். ஏர்பேக்கின் மஞ்சள் ஒயரையும், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு ஒயரையும் தொடவே தொடாதீர்கள். ஃபிட்டர் பிள்ளையாக இருந்தாலும்! ஆபீஸுக்கும் வீட்டுக்குமே உருட்டுகிற பி.எஸ்.-6 டீசல் காரில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாசம் ஒருமுறை மன்னார்புரத்தில் ஏறி ஒரே சீராக விராலிமலை வரை விடுங்கள். வடிகட்டியும் சுத்தமாகும், முருகனையும் மயிலையும் பார்த்த மாதிரி ஆச்சு.

அப்புறம் ஒன்று. கார் வாங்கப் போனால் எல்லோரும் "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். "இதை வெளியில ரிப்பேர் பார்க்க முடியுமா? பார்ட்டும் கோடும் குடுப்பீங்களா?" என்றும் கேளுங்கள். சேல்ஸ்மேன் முழிப்பார். பரவாயில்லை. நூறு பேர் கேட்டால், அவர் மேனேஜரும் முழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும். அதற்குள் பாயிடமிருந்து அந்தப் பையன் போய்விடக் கூடாது.