வீழ்ந்தவர் பயிற்றிய குதிரைகள்

சித்திரை பிறந்ததும் நுவரெலியாப் பந்தயத் திடலிற் கூடும் திரளிலே கொழும்புச் சீமான்களும் உளர். அயல் தோட்டங்களிலிருந்து வந்திறங்கும் தொழிலாளர் குடும்பங்களும் உளர். ஆறாயிரம் அடி உயரத்திலே, வெள்ளைத் துரைமார் தம் பொழுதுபோக்கிற்கென வகுத்த அத்திடலில் ஓடுவன சமதரைப் பந்தயங்களே. துரைமாரின் தாயகத்திலோ குதிரைகள் வேலிகளையும் அகழிகளையும் தாண்டியோடும் பந்தயம் ஒன்றுண்டு. அது இம்மலையில் வேரூன்றவில்லை. அதன் இயல்பை அறிய அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் 1952 இல் பிறந்த ஜொன்ஜோ ஓநீலின் வாழ்க்கை ஒன்றே போதும்.

1977-78 பருவத்தில் 149 வெற்றிகளை ஈட்டி, அதுவரை எவரும் எட்டாத சாதனையை அவர் நிலைநாட்டினார். தாண்டற் பந்தயத்தில் வெற்றிக்கு நிகராக வீழ்ச்சியும் தொழிலின் ஒரு கூறேயாகும். 1980 இல் வேல்ஸ் நாட்டுப் பந்தயமொன்றில் அவரது கால் நொறுங்கிற்று. அவ்வாண்டு சீ பிஜன் என்னும் குதிரைக்கு வாகை சூட்டியவர், மறு ஆண்டு அதே குதிரை அதே பந்தயத்தில் வேறொருவரைச் சுமந்து வென்றபோது களத்திற்கு வெளியேதான் இருந்தார்.

1986 மார்ச்சில் செல்ற்றன்ஹாம் தங்கக் கிண்ணப் பந்தயம். டோன் ரன் என்னும் பெண்குதிரை இறுதி வேலியருகே தோற்றுவிட்டதென்றே பலரும் எண்ணினர். எனினும், மேட்டுநிலத்தில் மீண்டெழுந்து முந்தி வென்றது. ஓநீல் புகழின் உச்சியில் இருந்தார். மூன்றே மாதங்களில், வேறொருவர் ஏறிச் செலுத்திய பந்தயத்தில், பாரிஸ் நகரில் அக்குதிரை விழுந்து மாண்டது. அவ்வாண்டிலேயே ஓய்வுபெற்ற ஓநீலைப் புற்றுநோய் பற்றியது.

நோயை வென்றெழுந்தவர் குதிரைப் பயிற்றுநரானார். முதலில் வட இங்கிலாந்திலும், 2001 முதல் குளொஸ்ரர்ஷயரிலும் அவரது இலாயம் அமைந்தது. லிவர்பூலை அடுத்த எய்ன்றியில் நடைபெறும் கிராண்ட் நஷனல் பந்தயத்தில் 30 தடைகள் உண்டு. ஓட்டியாக அதிற் பலமுறை புறப்பட்டும் ஒருமுறையேனும் அவர் எல்லையை எட்டியதில்லை. அப்பந்தயத்தையே 2010 இல் அவர் பயிற்றிய டோன்ற் புஷ் இற் வென்றது. அதனைச் செலுத்திய ரோனி மக்கோய்க்கும் அது பதினைந்தாவது முயற்சி, முதல் வெற்றி.

இவ்விடத்தே கதையை நிறுத்தின் இனிமையாகவே இருக்கும். ஆனால், 2012 இல் அவருடைய சிங்குறொனைஸ்ட் தங்கக் கிண்ணத்தை வென்ற சில வாரங்களில் எய்ன்றிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே தடையொன்றில் ஓட்டியை வீழ்த்தி, தனியே ஓடித் தாண்டுகையில் கால் முறிந்து, உயிர் நீக்கப்பட்டது. மனிதன் தன் வீழ்ச்சியைத் தானே தெரிந்துகொள்கிறான். குதிரையை யார் கேட்டனர்? இவ்வினாவிற்கு ஓநீலின் அன்போ திறமையோ விடையாகாது. கண்டனங்கள் வலுக்க, வேலிகள் மென்மையாக்கப்பட்டன. 2024 இல் ஓடும் குதிரைகள் 40 இலிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டன.

இத்தனையும் கண்டு வளர்ந்த அவருடைய மைந்தருள் ஒருவர், தந்தையின் பெயரையே தாங்கித் தாண்டற் குதிரையோட்டியானார்.