நான் நீக்கிய இரண்டு வாக்கியங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சம்பளம் வாங்கினேன். அந்தக் கல்லூரியைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைத் தொடங்கியவன் நான். வளர்த்தவன் நான். கல்லூரிக்குப் பிடிக்காத செய்தி அதில் ஏறியபோது அழித்தவனும் நான்தான். அங்கே வேலை பார்க்கிறேன் என்பதை விக்கிப்பீடியாவில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகள் என் குற்றத்துக்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் என் பயனர் பெயரோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இங்கே சொல்ல வந்தது, நான் என்ன செய்தேன், அதை எப்படிச் செய்ய முடிந்தது என்பதைத்தான்.

கட்டுரையைத் தொடங்கியபோது உள்நோக்கம் எதுவும் இருக்கவில்லை. 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் அப்போது எழுதப்படாதவைதான் அதிகம். ஊர்கள், ஏரிகள், கோயில்கள் என்று எழுதிக்கொண்டிருந்த வரிசையில் கல்லூரியும் வந்தது. தொடங்கிய ஆண்டு, துறைகள், இணைப்புப் பெற்ற பல்கலைக்கழகம், நூலகம். எல்லாம் உண்மை. பிறகு ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் கட்டுரை கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது. 'புகழ்பெற்ற', 'தலைசிறந்த' போன்ற சொற்களை நான் போட்டதே இல்லை. பிறர் போட்டபோது நீக்கியிருக்கிறேன். வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்த நிறுவனங்கள், கிடைத்த தரச் சான்று, நடந்த கருத்தரங்குகள் என்று அடக்கமான நடையில் அடுக்கினேன். எங்கள் அலுவலகம் அனுப்பிய பத்திரிகைக் குறிப்பை நாளிதழ் வரி மாறாமல் வெளியிட்டிருக்கும். அந்த நாளிதழை மேற்கோளாகக் காட்டுவேன். பத்திரிகைக் குறிப்பை எழுதியதும் நான்தான். நான் எழுதியதற்கு நான் எழுதியதே சான்றாக நின்றது, இடையில் ஒரு நாளிதழின் பெயரோடு.

ஒரு மழைக்காலத்தில் விடுதி மாணவர்கள் பலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். சுகாதாரத் துறையினர் வந்து தண்ணீர் மாதிரி எடுத்துப் போனார்கள். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. சில நாட்களில், விக்கிப்பீடியா கட்டுரையின் கடைசியில் இரண்டு வாக்கியங்கள் சேர்ந்திருந்தன. விடுதியில் மஞ்சள் காமாலை பரவியது என்பது ஒன்று. குடிநீர் சரியில்லை என்று மாணவர்கள் போராடினார்கள் என்பது இன்னொன்று. கீழே நாளிதழின் பெயர், தேதி, இணைப்பு. ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. மற்றபடி பழுதில்லாத சேர்ப்பு.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "விக்கிப்பீடியால நம்ம காலேஜைப் பத்தி யாரோ என்னமோ எழுதியிருக்காங்களாம் தம்பி. நீங்க அதுல பெரிய ஆளாமே, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார். நீக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே இது வேலைக்காகச் செய்தது ஆகாது என்று பிற்பாடு பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை அலுவலகத்தில் எல்லாரும் போன பிறகு 'தொகு' பொத்தானை அழுத்தினேன். இரண்டு வாக்கியங்களையும் எடுத்தேன். வேறொரு பத்தியில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தேன். தொகுப்புச் சுருக்கத்தில் 'உரை திருத்தம்' என்று எழுதினேன். 'இது ஒரு சிறு தொகுப்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்தேன். அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்பவர்களில் சிறு தொகுப்புகளை வடிகட்டிவிட்டு மற்றவற்றை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த டிக். காற்புள்ளியும் அதற்காகத்தான்.

மறுநாள் அந்த வாக்கியங்கள் திரும்ப வந்தன. சேர்த்தவர் புதியவர். தனக்கென்று பயனர் பக்கம் உருவாக்காதவரின் பெயர் விக்கிப்பீடியாவில் சிவப்பு எழுத்தில் தெரியும். என் பெயர் நீலம். மறுபடி நீக்கினேன். இந்த முறை காரணம் எழுதினேன்: விக்கிப்பீடியா செய்தித்தாள் அல்ல. அப்படி ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. அன்றாடச் செய்திகளைக் கலைக்களஞ்சியத்தில் கொட்டாமல் இருப்பதற்காக வைத்த விதி. அதே கட்டுரையில் எங்கள் கல்லூரி ஆண்டுவிழாவுக்கு யார் வந்தார் என்ற செய்தி இருந்தது. அதன்மேல் அந்த விதியை நான் செலுத்தவில்லை.

புதியவர் உரையாடல் பக்கத்தில் கேட்டார்: "ஐயா, இது உண்மையாக நடந்தது. பேப்பரிலும் வந்திருக்கிறது. ஏன் எடுக்கிறீர்கள்?"

அதற்கு நான் எழுதிய பதில்தான் இந்த விவகாரத்தில் மிகவும் கேவலமானது. விக்கிப்பீடியாவுக்கு நல்வரவு என்று தொடங்கினேன். நடுநிலை நோக்கு, தனியொரு நிகழ்வுக்கு அளவுக்கு மீறி இடம் தரக் கூடாது, மாறி மாறி மீளமைத்துச் சண்டையிடக் கூடாது என்று விதிப்பக்கங்களுக்கு வரிசையாக இணைப்புக் கொடுத்தேன். கனிவான நடை. படிக்கும் எவருக்கும் பொறுமையான மூத்தவர் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டுவதாகவே தெரியும். சகப் பயனர் ஒருவர், நிருவாகி, வந்து பார்த்தார். ஒரு பக்கம் பல ஆண்டுகள் பழகிய பெயர், மறு பக்கம் நேற்று வந்த சிவப்புப் பெயர். மூத்த பயனர் சொல்வதைக் கவனியுங்கள் என்று புதியவருக்கு எழுதிவிட்டு, புதுப் பயனர்கள் தொகுக்க முடியாதபடி கட்டுரைக்குக் காப்பிட்டார். அவர்மேல் தவறே இல்லை. அவர் என்னை நம்பினார்.

அந்தப் புதியவர் அதோடு போய்விட்டார். அவருடைய பங்களிப்புகள் பக்கத்தில் அந்தச் சில தொகுப்புகளுக்குப் பிறகு எதுவும் இல்லை. விடுதியில் படுத்துக்கிடந்த மாணவர்களில் ஒருவராகவும் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

அடுத்த சேர்க்கைக் காலத்தில், தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்தார். கையில் எங்கள் கல்லூரியின் விக்கிப்பீடியா கட்டுரை, பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட் அவுட். சில வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடிட்டிருந்தார். எங்கள் வழவழப்பான கையேட்டை நீட்டினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க நோட்டீஸ்ல நல்லதாத்தான் சார் போட்டிருப்பீங்க. இது பொதுவுல எழுதினது, அதான் இதைப் பார்த்துட்டு வந்தேன்." மகளை விடுதியில்தான் சேர்க்கப் போவதாகவும் சொன்னார். நான் தலையாட்டினேன். சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. அதற்குள் தண்ணீர்த் தொட்டியை மாற்றியிருந்தார்கள். ஆனால் அவர் தகப்பனார் கேட்டு முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயத்தை அவரிடமிருந்து நான் ஒளித்தேன். எங்கள் விளம்பரத்தை நம்பாமல் விவரமாக வேறு இடத்தில் தேடியவர் அவர். தேடிப்போன இடத்திலும் நானே உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கல்லூரிகளில் நடக்கும் விக்கிப்பீடியா பயிலரங்குகளில் நலன் முரணைப் பற்றிப் பேசுபவனே நான்தான். ஜிம்மி வேல்ஸ் கதையை எப்போதும் சொல்வேன். விக்கிப்பீடியாவை 2001-இல் லாரி சாங்கரோடு சேர்ந்து தொடங்கியவர் அவர். 2005-இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் தானே புகுந்து, சாங்கரை இணை நிறுவனர் என்று குறிப்பிட்ட இடங்களை மாற்றினார். தொகுப்பு வரலாற்றைப் பார்த்து ஒரு வலைப்பதிவர் அதை வெளிக்கொண்டுவந்தார். வேல்ஸ் வருத்தம் தெரிவித்தார். அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மார்ட்டி மீஹனின் கதையும் சொல்வேன். இத்தனை தடவைக்கு மேல் போட்டியிட மாட்டேன் என்று அவர் கொடுத்திருந்த வாக்குறுதி அவரைப் பற்றிய கட்டுரையில் இருந்தது. அவர் அலுவலக ஊழியர்கள் அதை எடுத்துவிட்டு அலுவலகமே தயாரித்த வாழ்க்கைக் குறிப்பை வைத்தார்கள். 2006-இல் அவர் தொகுதியின் நாளிதழ் அதை அம்பலப்படுத்தியது. பொய் சேர்ப்பதைவிட உண்மையை எடுப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் எடுத்த இடம் படிப்பவர் கண்ணில் படாது என்று மாணவர்களிடம் விளக்குவேன். விளக்கிவிட்டு வந்து அதையே செய்தேன்.

எனக்கு வைத்திருந்த இன்னொரு சமாதானம்: நான் எழுதிய எதுவும் பொய் இல்லை. 2015-இல் அந்தச் சமாதானம் போய்விட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் வைஃபைஒன் என்ற பெயரில் ஒரு நிருவாகி இருந்தார். ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய கட்டுரைகளில் அதற்குச் சாதகமாகப் பல ஆண்டுகள் தொகுத்துவந்தார் என்று கண்டு, அங்குள்ள நடுவர் குழு அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பொறுப்பைப் பறித்து, தளத்தில் எழுதவும் தடைவிதித்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களால் நாடறிந்த நிறுவனம் அது. எம்பிஏ, பிபிஏ என்ற பெயர்களில் படிப்பு நடத்துவதாகச் சொல்லக் கூடாது என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டிருந்தது. வைஃபைஒன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடுவர் குழுவின் பக்கத்தைப் படித்தபோது அவர் கைவரிசை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. நாசவேலை எதுவும் இல்லை. சான்றின் தரத்தைக் கேள்வி கேட்பது, விதியின் பெயரைச் சொல்லி நீக்குவது, கனிவாகப் பதில் சொல்வது. விதி தெரிந்தவன் செய்யும் வேலை.

வெளியாள் வந்து விளம்பரம் எழுதினால் அது ஒரே நாளில் தெரிந்துவிடும். நடையே காட்டிக்கொடுக்கும். இரண்டு இடத்திலும் உள்ளே இருப்பவன்தான் பிடிபடுவதில்லை. நிறுவனத்துக்கு எங்கே வலிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். விக்கிப்பீடியாவில் எந்த விதி எங்கே செல்லும் என்பதும் தெரியும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொஞ்சம் பேர் காவல் காக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் அவனைத் தட்டிக்கேட்க ஆளும் குறைவு. ஏரிகளையும் கோயில்களையும் எழுதிச் சேர்த்த நல்ல பெயரைக் கல்லூரிக்காகச் செலவழித்தேன். அது எனக்கு மட்டும் சொந்தமான பெயர் அல்ல. அங்கே கூலி வாங்காமல் எழுதும் ஒவ்வொருவரும் சேர்த்த நம்பிக்கை அது.

விதி ஒன்றும் கடினமானதல்ல. 2014 ஜூனிலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது: வேலையாகவோ பணத்துக்காகவோ தொகுப்பவர், யாருக்காகத் தொகுக்கிறார் என்பதைப் பயனர் பக்கத்திலோ உரையாடல் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லிவிட வேண்டும். ஒரு வரி போதும். நான் அந்த வாக்கியங்களை நீக்கியது இந்த விதி வந்த பிறகுதான். ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நிருவாகி என் பதிலை வேறு கண்ணோடு பார்த்திருப்பார். அதனால்தான் எழுதவில்லை.

வேலையை விட்டு வந்த பிறகும் உடனே சொல்லிவிடவில்லை. பழைய முதலாளியைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்று தள்ளிப்போட்டேன். பயிலரங்குக்கு இனி கூப்பிட மாட்டார்களே என்ற பயமும் இருந்தது. உண்மையில் அதுதான் பெரிய பயம். கடைசியில் கட்டுரையின் உரையாடல் பக்கத்திலும், தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும் ஆலமரத்தடி என்ற பக்கத்திலும் எழுதினேன். சிலர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். கட்டுரைக்குக் காப்பிட்ட நிருவாகி ஒன்றும் சொல்லவில்லை. என் பழைய தொகுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்கத் தொடங்கினார். இரண்டு வாக்கியங்களும் அவர் கையால் கட்டுரையில் திரும்ப ஏறின, ஒற்றுப்பிழை திருத்தப்பட்டு. பத்திரிகைக் குறிப்பை வைத்து நான் கட்டிய பத்திகள் பெரும்பாலும் போய்விட்டன.

கல்லூரியிலோ மருத்துவமனையிலோ கட்சியிலோ அறக்கட்டளையிலோ வேலை பார்த்துக்கொண்டு விக்கிப்பீடியாவிலும் எழுதுகிறவர்கள் தமிழில் பலர் உண்டு. எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப்பக்க நிறுவனங்களின் வரலாறு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் ஒதுங்கிவிட்டால் அது எங்கும் பதிவாகாது. கேட்பது இவ்வளவுதான்: எங்கே சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதை இன்றைக்கே உங்கள் பயனர் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் நிறுவனக் கட்டுரையில் நேராகக் கைவைக்காமல், வேண்டிய மாற்றத்தை உரையாடல் பக்கத்தில் சான்றோடு வையுங்கள். வேறொருவர் பார்த்துச் சேர்க்கட்டும். நிறுவனத்துக்குப் பிடிக்காத செய்தியை யாராவது சேர்த்தால் தொடாதீர்கள்.

அந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு: நீங்கள் எழுதியது சரி, அது இப்போது கட்டுரையில் இருக்கிறது. உங்களை விரட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். திரும்ப வந்து எழுதுங்கள்.