தாமதமாக ஒரு பதில்



2024 ஏப்ரல் 19-ல் நாம் ஓட்டுப் போட்டோம். இரண்டே நாளில் ராஜஸ்தான் பன்ஸ்வாராவில் பிரதமர் பேசினார். முஸ்லிம்களைக் குறிப்பிட்டு, காங்கிரஸ் வந்தால் மக்கள் சொத்தை ஊடுருவியவர்களுக்கும் அதிகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுத்துவிடும் என்றார்.

அந்த வீடியோவை நம் குழுவில் போட்டு, "சரியாத்தானே சொல்றார், சார்?" என்று கேட்டான் என் பழைய மாணவன் ஒருவன். வம்பு எதற்கென்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

தம்பி, கோம்பையிலிருந்து பஸ் ஏறிப் போய் நீ பட்டம் வாங்கிய உத்தமபாளையம் கல்லூரி, 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் தொடங்கியது. அவர் சொத்து உனக்கும்தானே வந்தது?

தேர்தல் பணியில் எத்தனையோ விரல்களில் மை வைத்தவன் நான். எந்த விரலிலும் மதம் பார்த்ததில்லை. நீயும் பார்க்காதே.