பச்சை என்றால் என்ன, ஐயா?

ஆசிரியப் பணியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, மாணவர்கள் கேட்ட வினாக்களுள் பல மறந்துபோயின. ஒரு வினா மட்டும் மறக்கவில்லை. அதற்கு நாம் இன்றுவரை முழு விடை கூறவில்லை என்பதே காரணமாகலாம்.

அவ்வினாவைக் கேட்டவர் நாங்குநேரியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர். பிறவியிலேயே பார்வையற்றவர். பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் எழுத்தறிந்து, நல்ல மதிப்பெண்களுடன் நம் கல்லூரிக்கு வந்தார். பலகையில் தாளைப் பொருத்தி, கூரிய குச்சியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பாடக்குறிப்பு எடுப்பார். ஆறே புள்ளிகளுக்குள் அடங்கும் பிரெயில் எழுத்து அது. மையே இல்லாத எழுத்து. அந்தக் குத்தொலி நம் வகுப்பில் இடையறாது கேட்டுக்கொண்டே இருக்கும். அது வேகமாக ஒலித்தால், பாடம் நன்றாக நடக்கின்றது என்று நாம் மகிழ்வதுண்டு.

ஒருநாள் தொல்காப்பிய உவமவியலை நடத்திக்கொண்டிருந்தோம். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் என்பது பாடம். புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோல வழங்கினான் என்றால் பயன். உடுக்கைபோன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். இவற்றை விளக்கும்வரை குத்தொலி சீராக வந்தது. உரு என்பது நிறம் என்று கூறி, பொன்போன்ற மேனியைச் சான்று காட்டி, சன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தையும் சுட்டினோம். அப்போது அவர் நினைவு வந்தது. “தம்பி, இந்தப் பகுதியை நீ விட்டுவிடலாம். தேர்வில் மற்ற மூன்றை எழுதினால் போதும்” என்றோம். இரக்கத்தோடுதான் சொன்னோம். குத்தொலி நின்றுவிட்டது. அந்த வகுப்பு முடியும்வரை அது மீண்டும் எழவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் நம் இருக்கைக்கு வந்தார். “ஐயா, விட்டுவிடலாம் என்று சொன்னீர்கள். எனக்கு அது வேண்டும்” என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் காரணத்தையும் கூறினார். அவருடைய அக்காவுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சேலை எடுத்து வந்திருந்தார்கள். வீட்டார், அண்டை அயலார் அனைவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். “என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, ஐயா. கேட்டாலும் நான் என்ன சொல்வேன்? பச்சை என்றால் என்ன, ஐயா?”

“இலையின் நிறம்” என்றோம். “இலை என்ன நிறம்?” என்றார். “பச்சை” என்றோம். அவர் சிரித்தார்; நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நம் புலமை எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் சுற்றுகின்றது என்பது அந்த நொடியில் புலனாயிற்று.

மறுநாள் நம் வீட்டிலிருந்த பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டுவந்தோம். நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் கோரைப்பாய். சிவப்புக்குச் சப்பங்க மரத்தின் சாயத்தை ஊட்டுவது பழைய வழக்கம். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அடுத்தடுத்து ஓடும் இடத்தில் அவர் விரலை வைத்தோம். அவர் பலமுறை தடவிப் பார்த்தார். “கோரை ஒன்றுதானே, ஐயா? எங்கே மாறுகின்றது?” என்றார். சற்று நேரத்தில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. “இங்கே ஓர் இழை பிசிறியிருக்கின்றது.” பல ஆண்டுகளாக நம் வீட்டில் கிடந்த பாய் அது. அந்தப் பிசிறை நாம் கண்டதே இல்லை.

இயற்பியல் துறை நண்பரிடம் சென்றோம். அவர் நல்லதொரு வழி காட்டினார். வெற்று அறையில் கை தட்டினால் ஒலி திரும்பி வரும். வைக்கோல் நிறைந்த அறையில் அதனை வைக்கோலே விழுங்கிக்கொள்ளும். ஒளியும் அத்தகையதே. பொருள்கள் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி, எஞ்சியதைத் திருப்பி அனுப்புகின்றன. இலை சிவப்பையும் நீலத்தையும் பெரிதும் உண்டுவிடுகின்றது. அது திருப்பித் தருவதைத்தான் நாம் பச்சை என்கின்றோம். இதனைக் கேட்டதும் மாணவரின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நிறம் என்பது ஒளியின் எதிரொலி” என்றார். தட்டுகோலின் ஓசையைக் கொண்டே சுவரின் தொலைவை அறிபவருக்கு இது விளங்காமல் போகுமா? ஆயினும், “அக்காவின் சேலை அழகா என்று இதைக் கொண்டு எப்படிச் சொல்வது?” என்றும் கேட்டார்.

அடுத்த நாள் சுப்ஹு பாங்கு காதில் விழுந்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவை நாடி வந்த நிகழ்ச்சியை முன்னிட்டே திருமறையின் 80-ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. கற்க விழைந்து வருபவரே முதலில் கவனிக்கத்தக்கவர் என்பது அது தரும் பாடம். அப்பெருமகனாரே மதீனாவில் வைகறைப் பாங்கு சொல்லும் பொறுப்பையும் பெற்றிருந்தார். நோன்பு நாளில் உண்பதை நிறுத்தும் நேரத்தை வெள்ளை நூல், கறுப்பு நூல் என்னும் நிற வேறுபாட்டாலேயே திருமறை குறிக்கின்றது. அந்த நேரத்தை ஊருக்கு அறிவித்தவரோ அவ்வேறுபாட்டைக் காண இயலாதவர். பொழுது விடிந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்ட பின்னரே அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஒருவர் கண்டார், சொன்னார். மற்றவர் நம்பினார், அறிவித்தார். ஊர் முழுவதும் அதனை ஏற்றது. காணாத ஒளியையும் உண்மையான சொல் ஏந்திச் செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்போதுதான் நம் தவறு புரிந்தது. அவருக்கு என்ன தெரியாது என்பதையே எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, என்ன தெரியும் என்று நாம் கேட்கவே இல்லை. “தம்பி, பச்சை என்று தொடங்கும் சொற்களை நீயே சொல்” என்றோம். அவர் அடுக்கினார்: பச்சரிசி, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைப் புண், பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ஐயா, பச்சரிசி வெள்ளை என்பார்களே? குழந்தையும் இலை நிறத்தில் இராதே?” என்றார். உண்மைதான். “அப்படியானால் வேகாதது, காயாதது, ஆறாதது, முதிராதது எல்லாம் பச்சை. தீயும் வெயிலும் காலமும் இன்னும் தம் வேலையை முடிக்காத பொருள் பச்சை.” நிகண்டுகளைப் புரட்டியும் நமக்குக் கிட்டாத விளக்கத்தை அவர் தம் சொந்த ஊர்ப் பேச்சிலிருந்தே எடுத்துத் தந்துவிட்டார்.

பின்னர் அவர் தம் ஊரைப் பற்றிக் கூறினார். நாங்குநேரி வறண்ட சீமை. கார்த்திகையில் குளம் பெருகி, நடவு முடிந்த பின் வரப்பில் நடந்தால் காற்றின் சூடு தணிந்திருக்கும், தவளை கத்தும், சேற்று மணமும் நாற்று மணமும் கலந்து வரும். களக்காட்டுப் பக்கம் ஓடும் ஆற்றுக்குப் பெயரே பச்சையாறு. “இதுதான் பச்சையா, ஐயா?” என்றார். “அதுவே அன்று, அதன் அண்டை வீடு” என்றோம். கண்ணுக்கு மட்டுமே தெரியும் அந்த ஒன்றைத் தர நம்மால் இயலாது என்பதையும் மறைக்காமல் கூறினோம். அவர் வருந்தவில்லை. “அண்டை வீடுவரை வந்துவிட்டேனே” என்றார்.

சிரியா நாட்டு அரபுப் பெருங்கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீ (973–1057) நான்கு வயதளவில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். நோயுற்றபோது தமக்கு உடுத்திய செந்நிற ஆடையால் சிவப்பு ஒன்றே தம் நினைவில் நின்றது என்று அவர் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அவரைப் பற்றி ஆய்ந்து 1914-இல் டாக்டர் பட்டம் பெற்ற எகிப்தியர் தாஹா ஹுசைனும் இளமையிலேயே பார்வை இழந்தவரே. அவர் 1950-இல் தம் நாட்டின் கல்வி அமைச்சரானார். பிறவியிலேயே பார்வையற்றோரும் நிறங்களைப் பற்றிக் காரண காரியத்தோடு சிந்திக்கின்றனர் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. இவையெல்லாம் நாம் பின்னர்ப் படித்தறிந்தவை. முதலில் நமக்குக் கற்பித்தவர் நம் மாணவரே.

திருமணத்துக்கு நாங்குநேரி சென்றிருந்தோம். நம்மைக் கண்டதும் மணமகள், தம்பி சேலையைப் பார்த்த கதையைச் சொன்னார். அவர் அதனை மடியில் வாங்கி நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, “நடவு முடிந்த வயல்போல இருக்கின்றது, அக்கா. இதையே கட்டிக்கொள்” என்றாராம். “இத்தனை பேர் பார்த்தார்கள், ஐயா. எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். இவன் ஒருவன்தான் எப்படி இருக்கின்றது என்று சொன்னான்” என்று கூறும்போது அவர் கண்கள் கலங்கின. அருகில் நின்ற நம் மாணவரோ, “சேலைக்குக் கரை அரக்கு நிறமாம், ஐயா. திங்கட்கிழமை வகுப்பில் அதைக் கேட்கப்போகிறேன்” என்றார்.

அத்திங்கட்கிழமை குத்தொலி மீண்டும் நம் வகுப்பில் வேகமாகக் கேட்டது. அன்று முதல் எந்த மாணவரிடமும், இந்தப் பகுதியை நீ விட்டுவிடலாம் என்று நாம் சொல்வதில்லை.