வந்து திரும்பியோர்

எமது சங்கத்தின் இணையத்தளத்தை இனியும் பேண வேண்டுமா என்ற வினா சென்ற ஆண்டுச் செயற்குழுக் கூட்டத்தில் எழுந்தது. பழைய மலர்களிலிருந்து தட்டச்சுச் செய்து ஏற்றிய கட்டுரைகளே அத்தளத்தின் செல்வம். அவற்றை வாசிப்போர் தொகையோ சில மாதங்களாக வீழ்ந்திருந்தது. "வாசிப்பாரில்லாத ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் எதற்கு?" என்று பொருளாளர் கேட்டபோது, தளத்துக்குப் பொறுப்பாயிருந்த என்னிடம் விடை இருக்கவில்லை. இரு வாரத் தவணை கேட்டுக்கொண்டேன்.

மூலச் சான்றைப் பாராது முடிவு கூறலாகாது என்பது வரலாற்று விரிவுரைகளில் நாம் அடிக்கடி கேட்பது. இணையத்தளமொன்றுக்கு மூலச் சான்று, அதன் வழங்கி தானே எழுதிவைக்கும் பதிவேடாகும். எமது தளத்தின் கட்டுப்பாட்டுப் பலகை சீபனல் எனப்படுவது. அதில் 'மெற்றிக்ஸ்' என்ற பகுதியில் 'விசிற்றர்ஸ்', 'றோ அக்சஸ்' முதலிய வாயில்கள் உள்ளன. முன்னது அண்மைய 1000 பதிவுகளையே காட்டும். முழுமை வேண்டுவோர் பின்னதை நாடிக் கோப்பைத் தரவிறக்க வேண்டும். பழைய பதிவுகளைச் சேமிக்குமாறு அங்குள்ள சிறு கட்டத்தில் நான் அடையாளமிட்டிருக்கவில்லை. ஆதலால் முந்திய மாதங்களின் சான்று அழிந்துபோயிருந்தது. அன்றே அடையாளமிட்டுக் காத்திருந்தேன்.

ஆறு நாட் பதிவு சேர்ந்தது. வந்தவரின் இணைய முகவரி, நேரம், கேட்ட பக்கம், வழங்கி அளித்த விடையின் எண் என வரிவரியாய் நீண்டது. பெரும்பாலானவை தேடுபொறி இயந்திரங்களின் சுவடுகள். அவற்றை நீக்கியபின் 404 என்ற எண் தாங்கிய வரிகள் கண்ணிற் பட்டன. கேட்ட பக்கம் இங்கில்லை என்பது அதன் பொருள். பக்கத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுவீதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குவிந்து கிடந்தன. தளத்தைக் கெடுக்க எவரோ முயல்கின்றனர் என்றே அஞ்சினேன். உற்று நோக்கியபோதுதான், 'ஈ0 ஏஈ', 'ஈ0 ஏஎஃப்' என்பன மீண்டும் மீண்டும் வருவது புலனாயிற்று. அது தமிழ்! யூனிக்கோட் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் இணையத்தில் மூன்று பைற்றுகளாகவே பயணஞ் செய்யும். 'இ' என்பது 'ஈ0 ஏஈ 87'. தாளில் எழுத்தெழுத்தாய்க் கூட்டினேன். எமது கட்டுரைத் தலைப்புகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன.

குற்றவாளி நானே. நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர்கள் அழகாயில்லை என்று கருதி, அவற்றையெல்லாம் இலக்கங்களாக மாற்றியிருந்தேன். பிறர் குறித்துவைத்த இணைப்புகளில் இருந்தவையோ பழைய பெயர்கள். வாசகர் தொகையைக் கணித்த கருவி கட்டுரைப் பக்கங்களில் மாத்திரம் இருந்தமையால், வந்து திரும்பியோரை அது அறியவில்லை. நாட்டார் பாடல் பற்றிய கட்டுரையொன்றை ஒரே முகவரியிலிருந்து மூன்று நாள்கள் தேடி வந்து ஒருவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். வழங்கி அமெரிக்க நேரத்தில் எழுதியதால் பத்தரை மணித்தியாலம் கூட்டிப் பார்த்தேன். எங்கள் இரவு பதினொரு மணி. அவர் யாரென அறிய வழியில்லை. அறிய முயல்வதும் முறையன்று.

பழைய பெயர் ஒவ்வொன்றையும் புதியதற்கு ஆற்றுப்படுத்தும் 301 விதிகளை இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதினேன். அச்சிட்ட வரிகளைக் கண்ட செயற்குழு ஓராண்டுக் கட்டணத்துக்கு இசைந்தது. பொருளாளர் மட்டும், பெயரை மாற்றுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை.

ஒன்பது நாள்களின் பின் அதே முகவரி பதிவேட்டில் மீண்டும் தோன்றிற்று. முதல் வரியில் 301. அடுத்த வரியில் 200.