இறுதியில் தோற்ற அணி

"இறுதியில் தோற்ற அணியைப் பற்றி என் மகன் ஏன் கட்டுரை எழுத வேண்டும், ஐயா?" என்று துவாஸில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னிடம் வினவினார்.

மாணவன் எழுதியது சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றி. 2006இல் தோன்றிய அவ்வணி, ஆஸ்திரேலியாவின் தேசிய லீக்கில் இரண்டு பருவங்கள் ஆடி, 2008இல் விலகியது. அத்துடன் கலைந்திருக்கலாம். ஆயினும் 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது, அதன் தொடக்க அணிகளுள் ஒன்றாயிற்று. 2016இல் மலேசிய அணியிடமும் 2019இல் இந்தோனேசிய அணியிடமும் இறுதியாட்டத் தொடரில் தோற்றது.

அவ்விரு தோல்விகளுக்கும் இடையே மூன்றாண்டு உழைப்பு இருக்கிறது. அதைத்தான் மாணவன் எழுதினான். பெற்றோரே, மதிப்பெண் குறைந்து வரும் பிள்ளையிடம் நாம் அந்த இடைக்காலத்தைப் பற்றிக் கேட்கிறோமா?