ஆயாக் கொட்டகையின் கடைசித் தூளி

சுங்கை சிப்புட்டிலிருந்து காட்டுப் பக்கம் போகும் செம்மண் சடக்கில் எங்கள் தோட்டம்தான் கடைசி. லயத்தின் பின்கட்டில் நின்று பார்த்தால் கித்தா (ரப்பர்) மரங்களின் நிரை முடியும் இடம் தெரியும். அதற்கப்பால் மலையும் பெருங்காடும்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்தில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவின் அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நான் 1953இல் பிறந்தவன். ஏழு வயது வரைக்கும் முள்கம்பி வேலி இல்லாத லயத்தை நான் பார்த்ததில்லை.

விடிந்து கேட்டைத் திறந்த பிறகுதான் ஆட்கள் வேலைக்குப் போக முடியும். கேட்டில் மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அம்மா வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் போய் வெறும் வயிற்றோடு பால் வெட்டுவாள். பால் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டு அவள் ஸ்டோருக்கு நடந்து வருவது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த வேலிக்குள் வளர்ந்தவள்தான் என் அக்கா. அவள் சீனத்தி வயிற்றில் பிறந்தவள்.

அப்பா சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, பிழைத்துத் திரும்பியவர். அவர் திரும்பி வந்தபோது வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். அவர்களுடைய மூத்த பெண் குழந்தை ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதன் பிறகு வருஷக்கணக்கில் வயிறு திறக்கவில்லை.

காட்டோரத்தில் புறம்போக்கு நிலத்தில் கீரை போட்டு வாழ்ந்த சீனக் குடும்பங்கள் அப்போது நிறைய. காட்டிலிருந்தவர்களுக்கு அவர்கள் சோறு கொடுக்கிறார்கள் என்று 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய 5 லட்சம் பேரை லாரிகளில் ஏற்றிப் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். லயத்துக்குக் கீரை கொண்டுவந்து விற்கும் சீனத்தி ஒருத்தி, லாரி வருவதற்கு முதல் நாள் அம்மாவிடம் வந்தாளாம். கையில் நாற்பது நாள் குழந்தை. அதோடு சிவப்புக் காகிதம் ஒன்று. மையில் எழுதிய சீன எழுத்து.

1950 சீனர்களுக்குப் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களில் பலருக்கு நம்பிக்கை. இன்னொரு சீனக் குடும்பம் வாங்கிக்கொள்ளாது. சின்னக் கடைக்காரச் சீனர் அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லி, "வேண்டாம்மா" என்று தலையாட்டினாராம். அம்மா சொன்னது எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "புலி ஆத்தாவோட வாகனம். வீட்டுக்கு வந்த வாகனத்தை எவளாச்சும் வெரட்டுவாளா?"

பேர் வைத்து, காது குத்தி, மாரியம்மன் கோயிலில் மொட்டையும் போட்டாயிற்று. ஆனால் ஆயாக் கொட்டகையில் தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. உத்திரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். சீனப் புள்ளையின் தூளி எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம் என்றார்கள். கடைசி உத்திரத்தில், மழைச் சாரல் அடிக்கிற மூலையில் இடம் கிடைத்தது. அம்மா தன் சேலை ஒன்றை இரண்டாக மடித்து அந்தப் பக்கம் மறைப்பு கட்டினாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை. மூன்று வருஷம் கழித்து அதே மூலையில்தான் என்னையும் போட்டார்கள். அக்காவின் தூளியிலேயே.

"காட்டுல இருக்கிறவன் புள்ளையா இருந்தா போலீஸ் நம்ம எல்லாரையும் பிடிக்கும்" என்று ஒரு பேச்சு. "வளர்த்து ஆளாக்கினதும் சீனன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்று இன்னொரு பேச்சு. இந்த இரண்டாவதுதான் அம்மாவை அரித்தது. 1950 டிசம்பரில் சிங்கப்பூரில் நத்ரா வழக்கில் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள். மலாய்த் தாய் வளர்த்த டச்சுக்காரப் பிள்ளையைக் கோர்ட்டு பெற்றவர்களிடம் கொடுத்த வழக்கு அது. கிராணி பத்திரிகையைப் படித்துக் காட்டியதிலிருந்து, சடக்கில் லாரிச் சத்தம் கேட்டாலே அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாளாம்.

சீனன் யாரும் வரவில்லை. தொல்லை கொடுத்தவர்கள் நம்மவர்கள்தான். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

1952இல் தத்துப் பதிவுக்குச் சட்டம் வந்தது. லயத்தில் யாருக்கும் அது தெரியாது. பிறப்புப் பத்திரம் இல்லாத அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் கிடைத்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. இனம் என்ற இடத்தில் சீனர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று அப்பாவோடு பால்காட்டுக்குப் போனாள். கத்தி பட்டையில் மட்டும்தான் ஓட வேண்டும், மரத்தில் பட்டால் காயம், காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். அக்கா வெட்டிய மரங்களில் முடிச்சைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டைச் சீவல் சுருள் சுருளாக விழ, கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டும். விடியலில் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டு நான் அவள் பின்னாலேயே நடந்திருக்கிறேன்.

இருபது வயதில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "வளர்த்தது நீங்க, சரி. பொண்ணு என்ன சாதின்னு சொல்றது?" அப்பா எழுந்து நின்றார். சயாமில் ஒரே குழியில் எல்லாச் சாதியையும் புதைத்துவிட்டு வந்த மனுஷன். "என் பொண்ணு. அவ்வளவுதான்" என்றார். அவர்கள் கோப்பியைத் தொடாமல் போனார்கள். அக்கா அந்தக் கோப்பைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எனக்குத் தலைவாரிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர் தன் தாயையே அனுப்பிப் பெண் கேட்டார். அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்வி, "மீன் கொழம்பு வைக்கத் தெரியுமா?"

பிறகு எங்கள் தோட்டமும் கைமாறிப் போனது. கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். லயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. மாரியம்மன் கோயில் நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு நாங்கள் போவோம். அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து. அம்மா செத்தபோது ஓவல்டின் டின்னிலிருந்து எடுத்த அந்தச் சிவப்புக் காகிதத்தை அவள்தான் வைத்திருக்கிறாள். இன்றுவரை யாரிடமும் கொடுத்து மறுபடி படித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் கோயிலில் ஒரு பெண்மணி அக்காவை மேலும் கீழும் பார்த்து, "நீங்க நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா சிரித்துவிட்டுப் பொங்கல் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலேசியாவில் இப்படிச் சேலை கட்டி, பொட்டு வைத்த சீன முகத்து அக்காமார்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வழியில் பார்த்தால் அந்தப் பாராட்டை மட்டும் சொல்லாதீர்கள். சாப்பிட்டீங்களா அக்கா என்று கேளுங்கள்.